காயாச் செடிக்கு ஒரு மாற்றுப் பெயர்

செடி வியாபாரத்திலும் போணிதான் முக்கியம். அந்த ஆடி மாதக் காலையில் எட்டரை மணிக்கு, கடையில் இருந்த ஐந்து காயாச் செடிகளில் ஒன்றைக் கேட்டுப் போணி செய்தவள் பெயர் சுஜா.

கொட்டாரத்திலிருந்து கன்னியாகுமரி போகும் சாலையில், வயல் ஓரமாக, குத்தகை நிலத்தில் நர்சரி வைத்திருக்கிறேன். அதற்கு முன் இருபது வருஷம் ஒரு தினசரியில் நிருபராக இருந்தேன். விபத்து, திருட்டு, கொடியேற்றம், கடல் சீற்றம் எல்லாம் எழுதினேன். எங்கள் பதிப்பை மூடிவிட்டார்கள். செடி பேசாது, மறுப்பறிக்கை விடாது என்று நம்பி இந்தத் தொழிலுக்கு வந்தேன். கடை வைத்திருப்பவர்களும், வைத்து மூடியவர்களும், "இதைவிடக் குறைச்சலா ஒண்ணும் இல்லியா?" என்ற கேள்வியை ஒரு நாளாவது நின்று கேட்டவர்களும் மேலே படிக்கலாம். செடி பேசாது என்பது சரிதான். வாங்க வருகிறவர்கள் பேசுவார்கள்.

போணி

காயா நம் ஊர் மலைப்புதர். மேற்கே மலைச்சரிவிலும், நம் பக்கத்துப் பொத்தை என்னும் சிறு குன்றுகளிலும், பாறை இடுக்கில் நிற்கும். ஆள் உயரம், சிலது அதற்கு மேலும் போகும். இலை தடித்து, கரும்பச்சையாக, மெழுகு தடவினதுபோல் இருக்கும். வருஷத்தில் பத்து மாதம் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மாசி முடிந்து பங்குனி பிறக்கும்போது, கிளையை ஒட்டியே, மயில் கழுத்து நிறத்தில் பொடிப்பூ கொத்துக் கொத்தாக வரும். கொஞ்ச நாள்தான். பிறகு பூவெல்லாம் கொட்டிச் செடிக்கடியில் நீலம் விரித்துக் கிடக்கும்.

அந்தப் பூவின் படத்தைப் பெரிதாக எடுத்துக் கடை வாசலில் மாட்டியிருந்தேன். சுஜா படத்தின் முன்னாலேயே நெடுநேரம் நின்றாள். முப்பது வயதுக்குள் இருக்கும். பக்கத்துத் தெருதான், கணவன் ராஜேஷ் கன்னியாகுமரியில் மொபைல் கடை வைத்திருக்கிறான் என்று சொன்னாள். இந்தச் செடி எப்போது பூக்கும் என்று கேட்டாள். வியாபாரி என்றால் "அடுத்த மாசம்" என்று சொல்லியிருக்க வேண்டும். நிருபர் புத்தி, மெதுவாக வளரும் சாதி, மண்ணில் வைத்து மூன்று வருஷமாவது ஆகும் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் பையைப் பிரித்துப் பணத்தை எடுத்தாள்.

"கல்யாணம் முடிஞ்சு ஆறு வருஷமா வேற ஒண்ணுக்குக் காத்துக்கிட்டு இருக்கேன் அண்ணாச்சி. இதுக்கு மூணு வருஷம் இருக்க முடியாதா?"

எலுமிச்சை

மறுநாள் சாயங்காலம் ஓர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே சுஜாவின் மாமியார் தங்கம்மை. காலுக்கடியில் நேற்று நான் விற்ற செடி. இறங்குவதற்கு முன்பே, "இதுக்குப் பேரு என்னவாக்கும்?" என்றார்.

"காயா."

"அதைத்தான் கேக்கேன். காயான்னா என்ன அர்த்தம்?"

அர்த்தம் எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆட்டோக்காரருக்கும் அந்த நொடியில் தெரிந்துவிட்டது. அவர் வயலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். பேர்தான் அப்படி, பூ முடிந்ததும் கிளை கொள்ளாமல் காய்க்கும், பழுத்தால் கறுப்பாக இருக்கும், கொண்டைக்குருவி ஒன்று விடாது, இந்தச் செடியே அந்தக் காயிலிருந்து நான் முளைக்கவைத்ததுதான் என்று விளக்கினேன். தங்கம்மை கேட்டுக்கொண்டே கடையைச் சுற்றிப் பார்த்தார். தொட்டியில் இரண்டு காயோடு நின்ற எலுமிச்சையைக் கைகாட்டினார். காயாவை வைத்துக்கொண்டு அதைத் தரச் சொன்னார். எலுமிச்சையை ஆட்டோவில் ஏற்றும்போது காய் உதிராமல் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அப்படி ஒரு பதமான கை.

"பைசா கூடுதல்னாலும் சாரமில்ல. காய்க்காதது ஒண்ணு ஏற்கெனவே வீட்டுல நிக்கு, ரெண்டாவதுக்கு இடம் இல்ல."

கிருஷ்ணர் வேண்டாம்

குழித்துறைப் பக்கத்திலிருந்து ஒரு கிறிஸ்தவ சபையின் கமிட்டிக்காரர் வந்தார். புதிதாகக் கட்டிய கோவிலைச் சுற்றி வைக்கச் செடிகள் வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு வேண்டாம், நம்முடைய மண்ணில் உள்ளதாக இருக்கட்டும் என்றார். கடை திறந்த நாளிலிருந்து இப்படி ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன். நேராகக் காயாவிடம் கூட்டிப்போனேன். படத்தைப் பார்த்தார். "கொள்ளாமே!" என்றார். திரும்பி வந்ததைத் தவிர்த்து, மீதி நின்ற நாலையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

அத்துடன் நான் வாயை மூடியிருக்கலாம். காயாம்பூ வண்ணன் என்று கண்ணனைச் சொல்வார்களே, அந்தப் பூ இதுதான் என்று கூடுதல் தகவல் கொடுத்தேன். பத்திரிகையில் இதற்குப் பெட்டிச் செய்தி என்று பெயர். வாசகர்கள் விரும்பிப் படிப்பார்கள். அவர் மெதுவாகச் செடியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரோட்டன்ஸ் இருக்கிறதா என்று விசாரித்தார்.

"செடிக்க பேர்ல ஒரு குற்றமும் இல்ல அண்ணாச்சி. ஆனா சர்ச் காம்பவுண்டுல கிருஷ்ணரை நட்டுட்டு, பொதுக்கூட்டத்துல யாரு எழும்பிப் பதில் சொல்லுகது?"

செய்தி இல்லை

பங்குனியில் ஜெபா வந்தான். என்னோடு வேலை பார்த்த போட்டோகிராபர்; இப்போது வேறொரு பத்திரிகையில் இருக்கிறான். பொத்தையில் காயா பூத்திருக்கிறது, வந்து படம் எடு என்று நான்தான் கூப்பிட்டிருந்தேன். பத்திரிகையில் படம் வந்தால் நாலு பேர் கடைக்கு வருவார்கள் என்று ஒரு கணக்கு.

வெயிலில் மேலே ஏறினோம். பாறைச் சரிவு முழுக்க நீலம். அவன் ஒன்றிரண்டு படம் எடுத்துவிட்டு, "இதுவும் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருக்கா பூக்கிறதுதானேண்ணே?" என்று கேட்டான். அது குறிஞ்சி, இது வேறு, இது ஒவ்வொரு வருஷமும் பூக்கும் என்றேன். கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தான். இறங்கும்போது எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று தோளில் கையும் போட்டுக்கொண்டான்.

"வருஷா வருஷம் ஒழுங்கா பூத்தா அது செய்தி இல்லைண்ணே. நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?"

போர்டு

தங்கம்மை திருப்பித் தந்த செடியை நான் விற்கவில்லை. சுஜா அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போவாள். நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிற நாட்களில், திரும்பும்போது கடை வாசலில் பஸ்ஸை விட்டு இறங்குவாள். புதுத் தளிரை விரலால் தொட்டுப் பார்ப்பாள். ஒருநாள் நான் கேட்காமலே சொன்னாள்: "டாக்டர் அவரையும் ஒருக்கா டெஸ்ட்டுக்கு வரச் சொல்லுகாரு அண்ணாச்சி. ரெண்டு தடவை சொல்லிவிட்டாச்சு. அவரு, எனக்கு என்ன கேடுன்னு கேக்காரு. அத்தை, எங்க குடும்பத்துல ஆம்பிளைய அப்படி எல்லாம் கொண்டுபோய்க் காட்டினது இல்லேங்கா." சொல்லிவிட்டு, செடிக்கு வேறு பேர் ஏதாவது உண்டா என்று கேட்டாள்.

உண்டு. அஞ்சனி என்றும் சொல்வார்கள். அதுவும் உண்மையான பெயர்தான். தலைப்பு மாற்றினால் அதே செய்தி ஓடும் என்பது எனக்குப் பழகிய வித்தை. செடியைப் பையிலிருந்து மண் தொட்டிக்கு மாற்றினேன். சின்னத் தகரத்தில் வெள்ளை பெயின்ட் அடித்து, நீலத்தில் 'அஞ்சனி' என்று எழுதிச் செருகினேன். தங்கம்மைக்குப் பூவில்லாத செடி எல்லாம் ஒன்றுதான். கேட்டால் ஆஞ்சநேயருக்க அம்மை பேர் என்று சொல்லிக்கொள்வதாகச் சுஜா சொன்னாள். சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். தொட்டியைத் தூக்கிக்கொண்டு, போர்டை ஒரு தடவை வாசித்தாள்.

"எனக்கும் இப்படி ஒரு போர்டு எழுதித் தருவீங்களா அண்ணாச்சி?"

பாலைவன ரோஜா

மீதி நாலு செடிக்கும் அஞ்சனி போர்டே வைத்தேன். ஒரே வாரத்தில் எல்லாம் விற்றுப்போயின. அதற்குப் பிறகுதான் புதுத் தொந்தரவு. காயா கேட்பது குறைவு. தண்ணீர் தேங்காத செம்மண், சரளை கலந்திருந்தால் மெத்தச் சந்தோஷம். வெயில் வேண்டும். வைத்த முதல் கோடையில் தண்ணீர் கொடுக்க வேண்டும். பிறகு கையை எடுத்துவிட வேண்டும். பழைய கிளையில்தான் பூ வரும் என்பதால் கத்தரியை அதன் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. வேர் ஆழமாக ஒற்றையாக இறங்கும். ஒருமுறை ஊன்றியதைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தால் பிழைக்காது. விதை போடுகிறவர்கள், பழம் கறுத்ததும் சதையைக் கழுவி உடனே போட வேண்டும். முளைக்கச் சில வாரமும் ஆகும், சில மாதமும் ஆகும். அவ்வளவுதான் வளர்ப்பு முறை. சும்மா இருக்கத் தெரிந்தால் போதும். நம் ஆட்களுக்கு வராத ஒரே வேலையும் அதுதான்.

துபாயிலிருந்து வந்து வீடு கட்டிய ஒருவர், அஞ்சனியைப் புல்தரை நடுவில் வைத்தார். காலையும் மாலையும் பைப் திறந்துவிட்டார். ஆள் வைத்துப் பந்துபோல் உருண்டையாக வெட்டினார். அடுத்த வருஷம் புதுத் தளிர் இல்லை. அதற்கடுத்த வருஷம் இலை மஞ்சளானது. போனில் கூப்பிட்டார். தண்ணீரை நிறுத்துங்கள், வெட்டாதீர்கள் என்றேன். அப்படியானால் பைசா கொடுத்து வைத்த தோட்டக்காரன் என்ன செய்வான் என்று கேட்டார்.

"அங்க பாலைவனத்துல ரோஜா சிரிச்சுக்கிட்டு நிக்கு. உமக்க மலைச்செடிக்கு மட்டும் என்னவே இவ்வளவு கொழுப்பு?"

சரியான பெயர்

சுஜா வீட்டு அஞ்சனி, தொட்டியிலிருந்து மண்ணில் இறக்கி வைத்த மூன்றாவது பங்குனியில் பூத்தது. வாசலுக்கு இடப்பக்கம், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி. போன் செய்து கூப்பிட்டாள், போய்ப் பார்த்தேன். படத்தில் இருந்ததைவிட நீலம். தங்கம்மையே எனக்கு நாற்காலி போட்டார். தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று கேட்கிறார்கள், அஞ்சனியாக்கும், எனக்க மருமவ வச்சது என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது என்றார். 'எனக்க மருமவ' என்று அவர் சொன்னபோது சுஜா காப்பி டம்ளரோடு நிலைப்படியில் நின்றாள். அந்த வீட்டில் அவளுக்கு அப்படி ஒரு பட்டம் கிடைத்து நான் கேட்டதில்லை. எலுமிச்சை கிணற்றடியில் நின்றது. அந்த வருஷம் அதில் காய் இல்லை; யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

நாலாம் நாள், எதிர்வீட்டு விசேஷத்துக்கு ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் வந்தார். செடியைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போனார். வாழ்நாளெல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த பூவை முதல் தடவையாக நேரில் பார்க்கிறார். பாவம், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டதாம். "காயா! காயாம்பூ!" என்று தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார். தங்கம்மை அப்போது கோலப்பொடி டப்பாவோடு முற்றத்தில் நின்றிருந்தார். பிறகு நடந்ததெல்லாம் தெரிந்து வருத்தப்பட்டு, ஆசிரியர் என் கடைக்கே தேடி வந்தார்.

"ஒரு பூவுக்கு அதனுடைய சரியான பெயரைத்தானே சொன்னேன்? அதில் என் பிழை என்ன, நீங்களே சொல்லுங்கள்."

காய்

உடனே ஒன்றும் நடக்கவில்லை. தங்கம்மை ஒரு மாதம் செடியைப் பார்க்காமலும் மருமகளோடு பேசாமலும் இருந்தார். பூ கொட்டியது. வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துத் தன்னை ஏமாற்றினாள், அதனால்தான் இத்தனை வருஷமும் ஒன்றும் தங்கவில்லை என்று பேச்சு ஆரம்பித்தது. செடி வருவதற்கு முன்பே போன ஆறு வருஷத்தை யார் கணக்கில் வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை; என்னிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. வைகாசியில் சுஜாவைக் குழித்துறையில் அவள் அண்ணன் வீட்டில் கொண்டுவிட்டார்கள். கொஞ்ச நாள் நிக்கட்டும் என்றுதான் சொன்னார்களாம்.

அந்த வாரமே ராஜேஷ் ஒரு மினிலாரியில் செடியைப் போட்டுக்கொண்டு வந்து என் கடை வாசலில் இறக்கினான். வெட்டி எறிந்தால் தோஷம், வந்த இடத்துக்கே போகட்டும் என்று அம்மை சொல்லிவிட்டாளாம். மண்வெட்டியால் பெயர்த்திருந்தார்கள். ஆணிவேர் பாதியில் முறிந்திருந்தது. இலை சுருண்டு, கிளை நீளத்துக்கும் பச்சைக் காய். மிளகை அள்ளி ஒட்டினதுபோல், கணுவுக்குக் கணு, ஒரு கொத்துக்கூடப் பிசகாமல் காய்த்திருந்தது. ஒரு கிளையைப் பிடித்து அவன் முகத்துக்கு நேரே காட்டினேன். "பாருடே. இது என்ன?" என்றேன். பார்த்தான். அவன் கெட்டவன் இல்லை; கடையில் போன் ரிப்பேருக்கு வருகிற கிழவிகளிடம் காசு வாங்கமாட்டான் என்று எல்லோரும் சொல்வார்கள். "நீ அந்த டெஸ்ட்டுக்குப் போனியா?" என்றும் கேட்டேன். லாரிக்காரருக்குக் கைகாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

"காய்ச்சது எனக்கும் தெரியுது அண்ணாச்சி. அம்மைக்க வாயில பேரு விழுந்துபோச்சே, இனி காய்ச்சு என்ன, காய்க்காம என்ன?"

அண்ணன் வீடு

செடி பிழைக்கவில்லை. நிழல்வலைக்கடியில் வைத்து, கிளையைக் குறைத்து, தெரிந்த வித்தை எல்லாம் செய்தேன். ஆடியில் பெய்யும் கர்க்கடக மழையிலும் துளிர்க்கவில்லை. காயும் பழுக்காமலே வாடிப்போனதால் விதைக்கும் உதவவில்லை.

மறு வருஷம் சுஜா வந்தாள். குழித்துறையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். அன்று நாகர்கோவில் கோர்ட்டில் கடைசிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தாள். இரண்டு தரப்பும் சம்மதித்து என்றுதான் காகிதத்தில் எழுதுவார்கள். நானும் அப்படித்தான் எத்தனையோ செய்தி எழுதியிருக்கிறேன். செடி என்ன ஆயிற்று என்று கேட்டாள். சொன்னேன். பொத்தையில் பொறுக்கிய காயா விதையில் முளைத்த புதுக் கன்றுகள் நின்றன. ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தேன். பைசா வேண்டாம், எந்தப் பேரில் வேண்டுமானாலும் வைத்துக்கொள் என்றேன். இலையைத் தடவிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தாள்.

"அது அண்ணனுக்க வீடாக்கும். மைனி முதல்ல பேரைத்தான் கேப்பா."

பத்திரிகையில் ஒரு பெயரைத் தப்பாகப் போட்டால் மறுநாள் மூலையில் ஒரு வருத்தம் தெரிவித்துத் தப்பித்துக்கொள்ளலாம். செடி வியாபாரத்தில் சரியாகச் சொன்ன பெயருக்குத்தான் வருத்தம் தெரிவிக்க வேண்டியிருக்கிறது, அதற்கு மூலையும் கிடையாது.

இந்த ஆண்டு ஆவணி முதல் முகூர்த்தத்தில், கன்னியாகுமரியில் ஒரு மண்டபத்தில் ராஜேஷுக்கு இரண்டாம் கல்யாணம் நடந்தது. மேடை அலங்காரத்துக்கான குரோட்டன்ஸ் தொட்டிகள் என் கடையிலிருந்து வாடகைக்குப் போயின.